பழைய இசைத்தட்டும் புதிய பதிப்பும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபொழுது, கல்வி, சமயம், நாட்டுப்பணி ஆகிய பொருள்களில் எழுத வல்லார் பலர் உளர் என எண்ணி, யாம் வேறொரு வழியே செல்லத் துணிந்தோம். மேனாட்டு றொக் இசைத்தட்டுகளைப் பற்றிய பேச்சு இம்மலரில் எதற்கு என்று பெரியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். விடுதியில் விளக்கணைந்த பின்னர்ப் போர்வைக்குள்ளே சிறு வானொலிப் பெட்டியை மறைத்து, இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த பழைய மாணவர்கள் அவ்வாறு கேளார். அக்குற்றத்துக்குப் பிரம்படி பெற்றவர்களுள் யாமும் ஒருவர் என்பதை இவ்விழாக் காலத்தில் ஒப்புக்கொள்ளுதல் தகும். கட்டுரை தொடங்குவது அவ்விசையில் எனினும், முடிவது நம் வீட்டு அலுமாரிகளில் என்பதையும் முன்னரே கூறிவிடுகின்றோம்.

வினா இது. 1960களிலும் 1970களிலும் வெளிவந்த புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பல, பின்னாளில் மூல ஒலிநாடாக்களிலிருந்து மீண்டும் எடுக்கப்பெற்று, கணினியின் துணையாற் செம்மை செய்யப்பெற்று, ‘றீமாஸ்ரர்’ என்னும் முத்திரையோடு கடைக்கு வருகின்றன. இவற்றை மறுசெம்மைப் பதிப்புகள் என்று அழைப்போம். இவை பழையவற்றிலும் இனியனவா? இளைஞர் ‘ஆம்’ என்பர். எம்மை ஒத்த வயதினர் ‘இல்லை’ என்பர். இரு சாராரும் காதாற் கேட்டுச் சொல்வதைவிடக் கட்சி பற்றிச் சொல்வதே மிகுதி.

சென்ற ஆண்டு மன்னார்த் தீவிலுள்ள தோட்டவெளிக்குச் சென்றிருந்தோம். 1990ஆம் ஆண்டில் நின்றுபோய், 2015ஆம் ஆண்டில் தலைமன்னார்வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகைவண்டியிலேயே சென்றோம். பனங்கூடல்களும் வெண்மணலும் சூழ்ந்த அவ்வூர், வேதசாட்சிகளின் ஆலயத்தாற் பெயர் பெற்றது. எம்மோடு விடுதியில் ஐந்தாண்டுகள் உண்டு உறங்கிய நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியராக அங்கே வாழ்கின்றார். முதற் சம்பளத்தில் கொழும்பில் இசைத்தட்டு வாங்கியவர் அவர். 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபோது, மனைவி மக்களோடு படகேறி மண்டபம் முகாமை அடைந்தார். இசைத்தட்டுகள் உறவினர் ஒருவரின் வீட்டுப் பரணில் தங்கின. திரும்பி வந்து பார்த்தபோது நாற்பதில் ஆறு எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்று, பீற்றில்ஸ் குழுவினர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சார்ஜன்ற் பெப்பர்’ என்னும் தட்டு.

அன்று மாலை அதனையும், 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மறுசெம்மை இறுவட்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். இறுவட்டு அவருடைய மகன் வாங்கி வைத்திருந்தது. முதற் பாட்டு முடியுமுன்னரே யாம் தோல்வியை ஒப்புக்கொண்டோம். புதியது நிறைவாகவும் அண்மையாகவும் ஒலித்தது. பழையது ஒதுங்கி நின்று பாடுவதுபோல இருந்தது. மகன் புன்னகை செய்தான். நண்பரோ, “சற்றுப் பொறும்” என்று கூறி, மகனுடைய கைத்தொலைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறக்கச் செய்தார். புதியது ஏறத்தாழ மூன்று டெசிபெல் உரத்து ஒலித்தமை தெரியவந்தது. திருகியைத் திருப்பி இரண்டையும் ஓரளவாக்கிய பின்னர் மீண்டும் கேட்டோம். எம் தீர்ப்பு ஆட்டங்கண்டது. தாழ்சுருதித் தந்தியின் நடை புதியதில் தெளிவாக இருந்தது; மேளத்தின் அடி விழுந்து அடங்கும் இடைவெளி பழையதில் நன்றாக இருந்தது. தட்டின் கீறல் மட்டும் இடையிடையே கடலை வறுப்பதுபோல ஒலித்துக்கொண்டிருந்தது.

இதிற் புதுமை ஒன்றுமில்லை. 1933ஆம் ஆண்டிலேயே பிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஒலி தாழத் தாழ மனிதச் செவி கீழ்ச்சுருதிகளை இழக்கின்றது என்பதை அளந்து காட்டினர். ஆகவே சற்றே உரத்து ஒலிப்பது எதுவும் நிறைவாக ஒலிப்பதுபோல நமக்குத் தோன்றும். வணிகர் இதனை நன்கறிவர். 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டு, மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடங்கொடுக்க வல்லது. அத்துணைப் பெரிய மண்டபத்தைக் கட்டிவிட்டு, 1990களின் பின்னர் வந்த பதிப்புகள் பலவற்றில் இசையை முகட்டோடு முகடாக நெருக்கி நிறுத்தினர். மென்மை உயர்த்தப்பட்டது, வன்மை நறுக்கப்பட்டது. அங்காடியில் ஒரு நிமிடம் கேட்பார்க்கு அது கவர்ச்சி. வீட்டில் ஒரு மணி நேரம் கேட்பார்க்குத் தலைவலி. இத்தகைய பதிப்புகளைப் பழையவற்றிலும் சிறந்தன என்று கூற எமக்கு நா எழவில்லை.

இத்துணை கூறியமையால், பழையதே சிறந்தது என்னும் கட்சியில் யாம் சேர்ந்துவிட்டதாக எவரும் கருதற்க. இங்கே ‘மூலம்’ என்று நாம் எதனைச் சொல்கின்றோம் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். கலைஞர் பாடியதும், நிலையத்தில் இருந்து கேட்டு ஒப்பியதும் ஒலிநாடாவில் உள்ளது. தட்டு அதனினின்றும் வெட்டப்பட்டது. தட்டிலே கீழ்ச்சுருதி மிகுந்தால் பள்ளம் அகன்று ஊசி துள்ளும். ஆதலின் வெட்டும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்து மேற்சுருதியைக் கூட்டுவர். வீட்டுக் கருவி அதனைத் தலைகீழாக்கித் திருப்பித் தரும். இம்முறை 1954ஆம் ஆண்டின் பின்னரே பொது அளவு பெற்றது. மேலும், ஊசி தட்டின் நடுவை அணுக அணுகச் சுற்று சிறுத்து, மேற்சுருதியின் நுட்பம் குன்றும். ஆகவே நாம் பதினாறு வயதிற் கேட்ட பழைய தட்டும் ஒரு பதிப்பே அன்றி மூலம் அன்று. நல்ல நாடாவினின்றும் நல்ல கைகளால் எடுக்கப்பெறும் புதிய பதிப்பு, பழைய தட்டைவிட மூலத்துக்கு அணித்தாக நிற்றலும் கூடும்.

அதுவுமன்றி, மூலம் ஒன்றே என்பதும் எப்பொழுதும் உறுதியன்று. மேற்சொன்ன ‘சார்ஜன்ற் பெப்பர்’ 1967ஆம் ஆண்டில் இருவகையாக வெளிவந்தது. ஒற்றை ஒலிவழிக் கலவையைப் பீற்றில்ஸ் குழுவினர் உடனிருந்து கவனித்தனர். இரட்டை ஒலிவழிக் கலவை பின்னர் விரைவில் முடிக்கப்பட்டது. ஒரு பாட்டு இவ்விரண்டிலும் ஒரே வேகத்திற்கூட ஓடவில்லை. நண்பர் அரை நூற்றாண்டாகப் போற்றி வைத்திருப்பது அவ்விரண்டாம் கலவையையே. இதனை யாம் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் நான் காத்தது வேறு ஓர் ஏட்டுப் பிரதி” என்றார்.

தமிழாசிரியர் வாயிலிருந்து வந்த அச்சொல்லே எமக்கு வழிகாட்டிற்று. இவ்வினாவுக்கு விடை தேட மேனாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. சிறுப்பிட்டிக்குச் சென்றாற் போதும். அவ்வூரிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். செல்லரித்து உதிரும் ஏடுகளைக் கண்டு அவர்கள் பதிப்புரையில் வருந்திய வருத்தம் தமிழறிந்தார் யாவரும் அறிந்ததே. அவ்வழியில் உ. வே. சாமிநாதையரவர்கள் புறநானூறு முதலியவற்றைப் பதிப்பித்தார்கள். அப்பெருமக்கள் செய்தது யாது? பல பிரதிகளை ஒப்புநோக்கினர். எழுதினோன் பிழையைக் களைந்தனர். ஐயமுள்ள இடத்திற் பாடபேதத்தைக் காட்டினர். புலவன் சொல்லைத் தம் சொல்லால் மாற்றத் துணிந்திலர். ஏடெழுதுவோன் பிழையைத் திருத்துவது பதிப்பு; புலவன் பாட்டைத் திருத்துவது இடைச்செருகல். மறுசெம்மையை அளக்கும் கோலும் இதுவே என்பது எம் துணிபு.

இக்கோலால் அளந்து பார்ப்போம். மைல்ஸ் டேவிஸ் என்னும் ஊதுகொம்பு விற்பன்னர் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கைன்ட் ஒஃப் புளூ’ றொக் அன்று, ஜாஸ். எனினும் எடுத்துக்காட்டாகத் தகும். அதன் முதற்பக்கத்தைப் பதிந்த கருவி சற்றே மெதுவாக ஓடியமையால், தட்டில் அப்பாட்டுகள் விரைந்தும் சுருதி ஏறியும் ஒலித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதனையே மூலமென்று போற்றிற்று. 1990களில் வேகம் சரியாக ஓடிய மற்றொரு நாடாவைக் கொண்டு அப்பிழை நீக்கப்பட்டது. இது தாமோதரம்பிள்ளை வழி.

மாறாக, ஓசி ஒஸ்போன் 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முதலிரு தட்டுகளுக்கு நேர்ந்ததைக் காண்க. 2002ஆம் ஆண்டின் பதிப்பில், முதலில் வாசித்த தாழ்சுருதித் தந்திக் கலைஞரையும் மேளக் கலைஞரையும் அழித்துவிட்டு, வேறிருவரை வாசிக்கச் செய்து சேர்த்தனர். பெயர் பழையது, உறை பழையது, உள்ளே இருவர் புதியவர். அன்பர்கள் வெகுண்டனர். 2011ஆம் ஆண்டின் பதிப்பிற் பழைய வாசிப்பே மீண்டது. இவ்வொலி முன்னையதினும் தெளிவா என்னும் ஆராய்ச்சி இங்கே வேண்டியதில்லை. இடைச்செருகல் எத்துணை இனிதாயினும் இடைச்செருகலே.

பழமை விரும்பிகளாகிய எம் சாராரையும் யாம் விடப்போவதில்லை. கணினி தொடாத தட்டையே கேட்போம் என்று சூளுரைத்து, பெரும்பணம் கொடுத்து அத்தகைய தட்டுகளை வாங்குவோர் உலகெங்கும் உளர். அவர்கள் பெரிதும் மதித்த அமெரிக்க நிறுவனமாகிய மொபைல் ஃபிடெலிற்றி, தன் தட்டுகள் பலவற்றை வெட்டுமுன் இசையை எண்ணிம வடிவுக்கு மாற்றியே கையாண்டது என்பது 2022ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ‘கணினியின் கறை படியாத இனிமை’ என்று அத்தட்டுகளைப் புகழ்ந்தவர்களின் செவி, அதுவரை எந்தக் கறையையும் காணவில்லை. அறுபதைக் கடந்தவர்களின் செவி உச்சச் சுருதிகளைக் கேளாது என்பதும் மருத்துவர் அறிந்த உண்மை. ஆகவே, ‘அந்தக் காலத்துத் தட்டுப்போல் வருமா’ என்று நாம் பெருமூச்சு விடும்பொழுது, கேட்பது தட்டையா அன்றி நம் பதினாறு வயதையா என்று நெஞ்சைத் தொட்டு வினவுதல் நன்று.

இதுகாறும் கூறியது சுவை பற்றிய வழக்கு. தோட்டவெளியில் அன்றிரவு அது வேறொரு வழக்காயிற்று.

நண்பரின் தந்தையார் அண்ணாவியார். மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் ஆடப்பெறும் வாசாப்புக்குப் பாடிப் பழக்கியவர். 1983ஆம் ஆண்டில் ஆலய முன்றிலில் விடியும்வரை நடந்த ஆட்டமொன்றை நண்பர் கசற்றிற் பதிந்திருந்தார். 1990ஆம் ஆண்டிற் படகேறியபோது நாற்பது இசைத்தட்டுகளையும் விட்டுச் சென்றவர், அந்தக் கசற்றை மட்டும் துணியிற் சுற்றி எடுத்துச் சென்றார். தந்தையார் முகாமிலே காலமானார். சில ஆண்டுகளுக்கு முன்னர், கசற்றில் இரைச்சல் மிகுந்தது என்று கருதி, செம்மை செய்து தருமாறு ஓர் ஒலிப்பதிவு நிலையத்திற் கொடுத்தார். அதன் பெயர் இங்கு வேண்டா. அவர்கள் செய்து கொடுத்ததை எமக்குக் கேட்பித்தார். குரல் கணீரென்று இருந்தது. யாம் வியந்து பாராட்டினோம்.

நண்பர் தலையசைத்தார். “இதில் ஐயாவின் குரல் இருக்கின்றது, அவர் நின்ற இடம் இல்லை. கடற்காற்று இருந்தது; போய்விட்டது. மத்தளம் மதிலில் மோதித் திரும்பும் ஒலி இருந்தது, போய்விட்டது. கோமாளி வந்தபோது அம்மா சிரித்த சிரிப்பு ஒன்று இருந்தது. அவர்களுக்கு அதுவும் இரைச்சல்” என்றார்.

இதன் காரணம் விளங்காததன்று. இரைச்சல் நீக்கும் முறையாவது: பேச்சற்ற ஓரிடத்தின் இரைச்சலை மாதிரியாகக் கொண்டு, அதனை ஒத்ததையெல்லாம் பதிவு முழுவதிலும் குறைத்துச் செல்லுதல். அளவறிந்து செய்தால் அது நன்மை. அளவு மீறினால், இரைச்சலை ஒத்த மூச்சும், தாளத்தின் ஈற்றொலியும், காற்றும், தொலைவிற் சிரிக்கும் ஒருவரின் சிரிப்பும் ஒன்றாகவே போய்விடும்.

மூலக் கசற்று எங்கே என்று கேட்டோம். எடுக்கும்போது நாடா அறுந்துவிட்டதாம். செம்மை செய்ததன் பின்னர் அது தேவையில்லை என்று எறிந்துவிட்டார்களாம். செம்மை செய்வதற்கு முன் கணினியில் ஏற்றிய படியையும் அவர்கள் வைத்திருக்கவில்லை. அம்மையாரின் சிரிப்பைக் கேட்க இனி எவ்வுலகிலும் வழியில்லை.

அவ்விரவில் எமக்குத் தெளிந்தது இது. புதியது இனிதா பழையது இனிதா என்று வழக்காடுவது, இரண்டும் கையில் உள்ளவர்களின் செல்வம். பீற்றில்ஸ் பாட்டை எத்துணை முறை கெடுத்தாலும் நாடா இலண்டனில் இருக்கின்றது. அடுத்த தலைமுறை மீண்டும் எடுத்துக்கொள்ளும். ஒஸ்போன் தட்டு மீண்டமையும் அதனாலேயே. மூலம் அழிந்த இடத்திலோ, பதிப்பே மூலமாகிவிடுகின்றது. அதன் பிழைகள் உண்மையாகிவிடுகின்றன. செல்வ நாடுகளுக்கும் இத்தீங்கு நேராமலில்லை. 2008ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள் கலிபோர்னியாவில் யூனிவேர்சல் படப்பிடிப்பு வளாகம் தீப்பற்றியபோது, பெருந்தொகையான மூல ஒலிநாடாக்கள் சாம்பலாயின. அதன் முழுப் பரிமாணம் 2019ஆம் ஆண்டிலேயே உலகறிய வெளிவந்தது. தீயென்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நம் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப் பெறற்கரிய ஏடுகளும் எரிந்தன. அச்சிட்ட நூல்களைத் தேடி வாங்க முடிந்தது. ஏடுகளை வாங்க முடியவில்லை.

1975ஆம் ஆண்டில் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் தவிலை இன்றைய மாணவர் கேட்பது, திருவிழா இரவுகளில் அன்பர்கள் எடுத்து வைத்த பதிவுகளால் அன்றோ? அவற்றில் மணியோசையும் மக்கள் ஆரவாரமும் கலந்திருக்கும். அவற்றை எல்லாம் துடைத்துவிட்டால் தவில் தனியாகக் கேட்கும், திருவிழா கேளாது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த ஈழத்துப் பொப் பாடல்களும் நம் றொக் இசை என்று கூறத் தக்கனவே. அவற்றின் பழைய தட்டுகள் எத்தனை வீடுகளில் இன்றும் உள்ளன?

ஆதலின் கேட்பார்க்கு எம் விடை இது. மறுசெம்மை தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. ஊர்தியின் குறையை நீக்குவது நன்று. பயணியை மாற்றுவது தீது. ஒப்பிடுவோர் ஒலியளவைச் சமமாக்கி ஒப்பிடுக. பதிப்பிப்போர் யாது செய்தனர் என்பதை உறையில் எழுதி வைக்குக. இரண்டினும் மேலாக, மூலத்தை எவரும் எறியற்க.

இவ்விழாவை முன்னிட்டு நம் பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரிப் பரிசளிப்பு விழாப் பேச்சுகள், விவாத மேடைகள், நாடகங்கள், மறைந்த ஆசிரியர்களின் குரல்கள் ஆகியவை கொழும்பிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் அலுமாரிகளுக்குள் கசற்றுகளாகக் கிடக்கின்றன. நாடா என்பது நெகிழி மேற் பூசிய காந்தத் துகள். ஈரமும் வெப்பமும் அதற்குப் பகை. அவற்றை எண்ணிமத்துக்கு மாற்றுங்கால், உலக ஒலிக்காப்பகங்கள் கைக்கொள்ளும் வண்ணம், 24 பிற் அளவில் விநாடிக்கு 96,000 மாதிரிகளாக, சுருக்காத வடிவில், யாதொரு திருத்தமுமின்றி முதலில் ஒரு படி எடுத்து வைப்போமாக. பாடியவர், பேசியவர், இடம், நாள் ஆகியவற்றை உடனே எழுதுவோமாக. அதன் பின்னர் வேண்டியவாறு செம்மை செய்து கேட்கலாம். கசற்றையும் உறையிலிட்டுக் காக்க வேண்டும். நூலக நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டு தொடக்கம் நம் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் உணர்ச்சி, நம் வீட்டு ஒலிப்பெட்டிகளுக்கும் பரவுவதாக. கல்லூரியில் பயிலும் தம்பிமார் இப்பணியை ஏற்பின், கருவியறிவில் எம்மைவிட அவர்களே வல்லுநர் என்பதை மகிழ்வுடன் ஒப்புவோம்.

தோட்டவெளியினின்றும் புறப்படுமுன்னர், நண்பர் ‘சார்ஜன்ற் பெப்பர்’ தட்டை உறையிலிட்டு எம் கையிற் கொடுத்தார். “இதை நீர் கொண்டுபோம். இது உலகெங்கும் கிடைக்கும்” என்றார். யாம் வாங்க மறுத்தோம். அதன் கீறல்களுள் ஒன்று, விடுதியில் எம் கை பட்டு விழுந்தது. அக்கீறல் வேறெந்தப் பதிப்பிலும் இல்லை.